ஆட்சி எந்திரத்தை அறிந்த அண்ணல்

நாட்டை ஆள்பவர் யார் என்று வகுப்பில் மாணவரைக் கேட்டால், அமைச்சர் என்பர் சிலர். சட்டமன்றம் என்பர் சிலர். இரண்டும் தக்க விடைகளே. ஆயினும், சிற்றூரில் வாழும் ஓர் ஏழைக்கு ஆட்சி என்பது கிராம நிருவாக அலுவலரின் கையொப்பம். வட்டாட்சியர் அலுவலகத்து முத்திரை. காவல் நிலையத்தில் எழுதிக்கொள்ளப்படும் அல்லது எழுதிக்கொள்ள மறுக்கப்படும் முதல் தகவல் அறிக்கை. சட்டம் தலைநகரில் பிறக்கிறது. அது வாழ்வதும் மாய்வதும் அலுவலகங்களில்தான்.

இவ்வுண்மையை இளமையிலேயே உணர்ந்தவர், நூல் நூலாக அதனை ஆராய்ந்தவர், அவ்வெந்திரத்தினால் தாமே காயமுற்றவர், பின்னர் அதன் அமைப்பைத் தம் கையாலேயே வரைந்தவர் அண்ணல் அம்பேத்கர் ஆவார். அவரைச் சட்ட மேதை என்று போற்றுகிறோம். சமுதாய விடுதலைப் போராளி என்று வணங்குகிறோம். அரசு நிருவாகம் எவ்வாறு அமைகிறது, எவ்வாறு பெருகுகிறது, எவ்வாறு கட்டுக்குள் வைக்கப்பட வேண்டும் என்பதை ஆழ்ந்து கற்ற அறிஞர் என்ற வகையில் அவரை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில், அவர்தம் வாழ்வின் இப்பகுதியை மட்டும் நம் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

பிறப்பும் பள்ளி வாழ்வும்

1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், மத்திய இந்தியாவின் மௌ என்னும் படைவீட்டு நகரில் அண்ணல் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதார். படைவீரர் பள்ளியில் தலைமையாசிரியராகவும் விளங்கியவர். ஆசிரியப் பணியில் இருக்கும் என் போன்றோருக்கு இச்செய்தி தனிப்பெருமை தருவதாகும். தம் மக்களுக்குக் கல்வியைத் தவிர வேறு சொத்தைத் தர இயலாத தந்தை, அக்கல்வியைக் குறைவின்றித் தந்தார்.

சாத்தாராவில் சிறுவன் பீமராவ் பயின்ற பள்ளியில், அவன் அமரக் கோணித் துண்டைத் தன் வீட்டிலிருந்தே கொண்டு செல்ல வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடுதல் கூடாது. பள்ளியின் ஏவலாள் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். ஏவலாள் இல்லாத நாளில் தண்ணீரும் இல்லை. பள்ளி அரசுடையதுதான், பாடத்திட்டமும் அரசுடையதுதான். ஆனால் அந்தச் சிறுவனின் தாகத்தைப் பொறுத்தவரை அரசு என்பது அந்த ஏவலாளே. ஆட்சியின் கடைசிப் படியில் நிற்பவனின் மனம் எத்தகையது என்பதைப் பொறுத்தே ஆட்சியின் பயன் அமையும் என்னும் பாடத்தை, அவர் எந்த நூலையும் திறக்கும் முன்னரே கற்றுவிட்டார்.

பின்னர் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்று 1907-இல் மெட்ரிகுலேசன் தேறினார். 1912-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் அளித்த உதவித்தொகையைக் கொண்டு, 1913-இல் அமெரிக்கா சென்று நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

கும்பினியாரின் கணக்கை ஆராய்ந்த மாணவர்

வெளிநாடு சென்ற நம் இளைஞர் அங்கே எதனை ஆராய்ந்தார்? 1915-இல் எம்.ஏ. பட்டத்திற்காக அவர் எழுதிய ஆய்வு, கிழக்கிந்தியக் கும்பினியின் நிருவாகமும் நிதியும் பற்றியதாகும். வணிகம் செய்ய வந்த ஒரு நிறுவனம், கணக்கர்களையும் கிடங்குக் காவலர்களையும் வைத்துத் தொடங்கி, எவ்வாறு ஒரு துணைக்கண்டத்தை ஆளும் அலுவலகமாகப் பெருகியது என்பதை அவர் ஆராய்ந்தார். 1858-இல் கும்பினியின் ஆட்சி முடிந்து முடியாட்சி வந்தபோது, கும்பினியின் கடன் இந்தியரின் தலையிலேயே ஏற்றப்பட்டதையும் எடுத்துக்காட்டினார்.

அவருடைய முனைவர் பட்ட ஆய்வு 1925-இல் நூலாக வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி வளர்ந்த வரலாறு அதன் பொருள். அவருடைய பேராசிரியர் செலிக்மன் அதற்கு முன்னுரை வழங்கினார். தலைப்பைக் கேட்டவுடன் கடினமான நூல் என்று ஒதுங்க வேண்டா. அதன் சாரம் ஒரு கூட்டுக் குடும்பத்துக் கதையைப் போன்று எளிதில் விளங்கக்கூடியதே.

1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் நிதி அதிகாரம் அனைத்தையும் கவர்னர் ஜெனரலின் கையில் குவித்தது. அவரது முன் அனுமதியின்றி, சென்னை மாகாணமோ பம்பாய் மாகாணமோ ஒரு புதிய பணியிடத்தையும் உண்டாக்க முடியாது. ஒரு புதிய சம்பளத்தையும் வழங்க முடியாது. பார்த்தால் மிகக் கடுமையான கட்டுப்பாடு என்று தோன்றும். விளைந்தது வேறு. வரி வசூலித்துச் செலவிடும் மாகாணத்திற்குச் சிக்கனம் செய்ய வேண்டிய பொறுப்பில்லை. மிச்சம் பிடித்தாலும் அது மாகாணத்தின் பெட்டியில் தங்காது. மைய அரசுக்கோ அதிகாரம் இருந்தது. இடத்தின் தேவை எது, வீண் செலவு எது என்று கண்டறியும் அறிவு இல்லை. ஆகவே உரக்கக் கேட்ட மாகாணம் நிறையப் பெற்றது. அடக்கமாகக் கேட்டது குறையப் பெற்றது. சம்பாதிப்பவன் ஒருவன், சாவியை வைத்திருப்பவன் ஒருவன், செலவிடுபவன் மற்றொருவன் என்றானால் எந்தக் குடும்பம் உருப்படும்?

1871-இல் மேயோ பிரபு, காவல், சிறை, கல்வி, மருத்துவம் முதலிய துறைகளை ஒரு குறித்த தொகையுடன் மாகாணங்களிடம் ஒப்படைத்தார். 1877-இல் சில வருவாய் இனங்களும் மாகாணங்களுக்கு வழங்கப்பட்டன. 1882-இல் வருவாயைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை வந்தது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே மைய நிதியும் மாகாண நிதியும் தெளிவாகப் பிரிந்தன. இப்படிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்த அண்ணல் கண்ட முடிபு கருதத்தக்கது. மேலதிகாரி கீழதிகாரிக்குக் கணக்குக் காட்டச் சொல்வது மட்டும் கட்டுப்பாடு ஆகாது. அலுவலகம் முழுவதுமே மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். மக்களுக்குப் பொறுப்பில்லாத ஆட்சி எவ்வளவு திறமையாக நடந்தாலும், சமுதாயக் கொடுமைகளில் கை வைக்க அஞ்சும். உள்ளதை உள்ளபடியே காத்து வரும். அயலார் ஆட்சி தீண்டாமையை ஒழிக்கத் துணியாமைக்குக் காரணம் இதுவே என்று அவர் கருதினார்.

பரோடாவில் நேர்ந்தது

1916-இல் இலண்டனில் பொருளியலும் சட்டமும் பயிலத் தொடங்கிய அண்ணல், உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917-இல் தாயகம் திரும்பினார். பரோடா அரசில் பத்தாண்டுகள் பணியாற்றுவதாக அவர் முன்னரே ஒப்பந்தம் செய்திருந்தார். கணக்காயர் அலுவலகத்தில் பயிற்சி அலுவலராக அமர்த்தப்பட்டார்.

எண்ணிப் பாருங்கள். கும்பினியின் கணக்கையும் மாகாணங்களின் நிதியையும் ஆராய்ந்து உலகின் சிறந்த பல்கலைக்கழகம் ஒன்றில் தேறி வந்தவர் ஒரு கணக்கு அலுவலகத்தில் அமர்கிறார். அவ்வலுவலகத்திற்கு இதனைவிடத் தகுதி வாய்ந்தவர் எங்கே கிடைப்பார்? ஆனால் அங்கிருந்த ஏவலாட்கள் கோப்புகளை அவர் கையில் கொடுக்கவில்லை. தொலைவில் நின்று மேசை மேல் எறிந்தனர். அலுவலகத்தில் அவர் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. சாத்தாராப் பள்ளியின் குழாய் அவரைப் பரோடா வரை தொடர்ந்து வந்தது.

தங்க இடமும் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சியைப் போலப் பெயர் தந்து தங்கினார். பதினோராம் நாள் காலையில், தடி ஏந்திய பார்சிகள் சிலர் வந்து அவரை வெளியேறச் செய்தனர். நண்பர் இருவரை நாடினார். அவர்களும் இடம் தர முன்வரவில்லை. பொதுப் பூங்கா ஒன்றில் சில மணி நேரம் அமர்ந்திருந்து, இரவு இரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார்.

அவரை அனுப்பி வைத்தவர் மன்னர். பணியில் அமர்த்தியதும் மன்னரின் ஆணையே. மன்னரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் அந்நல்லெண்ணம் மேலிருந்து கீழே இறங்கி வருவதற்குள், அலுவலகத்தின் மேசைகளுக்கிடையே வற்றிப் போயிற்று. ஒரு நல்ல ஆணையை நடைமுறைப்படுத்த நல்ல மனமுடைய அலுவலர்களும், ஆணையை மீறுவோரைத் தண்டிக்கும் விதிகளும் வேண்டும் என்பதை அந்தப் பூங்காவில் அமர்ந்தபோது அவர் உணர்ந்திருத்தல் கூடும்.

ஏட்டில் ஆணை, குளத்தில் தடை

1918-இல் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியரானார். சேமித்த பணத்துடன் மீண்டும் இலண்டன் சென்று, 1923-இல் டி.எஸ்சி. பட்டமும் வழக்கறிஞர் தகுதியும் பெற்றுத் திரும்பினார். 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவிக் கல்விப் பணியைத் தொடங்கினார்.

அரசாணைக்கும் நடைமுறைக்கும் இடையேயுள்ள தொலைவை அளந்து காட்டிய நிகழ்ச்சி மகாட் குளப் போராட்டமாகும். 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றம், பொதுக் குளங்களையும் கிணறுகளையும் ஒடுக்கப்பட்டோர் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அரசும் தன் துறைகளுக்கு ஆணை பிறப்பித்தது. 1924-இல் மகாட் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் எழுதிற்று. ஏட்டில் எல்லாம் முடிந்தது. குளத்து நீரை ஒருவரும் தொட முடியவில்லை.

1927 மார்ச்சு 20-ஆம் நாள் அண்ணல் பல்லாயிரவருடன் நடந்து சென்று அந்நீரை அள்ளிப் பருகினார். அதற்குப் பின் தாக்குதல் நடந்தது. நகராட்சி தன் பழைய தீர்மானத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது. வழக்குத் தொடர்ந்தது. 1937-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒடுக்கப்பட்டோரின் உரிமையை உறுதி செய்தது. 1923-இல் எழுதப்பட்ட ஓர் உரிமை, ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற 14 ஆண்டுகள் ஆயின. அந்த 14 ஆண்டுகளையும் ஒரு சமுதாயம் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்றே கடந்தது. ஆணை வந்துவிட்டது என்று வீட்டில் இருந்திருந்தால், அக்குளம் இன்னும் எத்தனை காலம் மூடிக் கிடந்திருக்குமோ!

கடைசிப் படியில் நின்றவர்கள்

அரசு எந்திரத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு அக்காலத்தில் இடமே இல்லை என்று சிலர் கருதுவர். அது முழு உண்மை அன்று. இடம் இருந்தது, கடைசிப் படியில் இருந்தது, அதுவும் பிறப்பினால் விதிக்கப்பட்ட தளையாக இருந்தது.

மராட்டிய நாட்டில் மகர் மக்கள் வதன் என்னும் பரம்பரை ஊழியத்தில் கட்டப்பட்டிருந்தனர். வரிப் பணத்தைத் தாலுகா அலுவலகத்துக்குக் கொண்டு செல்லல், அதிகாரிகளுக்கு வழிகாட்டல், செய்தி சுமந்து ஓடல், ஊர் எல்லையைக் காத்தல் என இரவு பகலாக வேலை. முறைக்குரியவர் ஊரில் இல்லையென்றால், வீட்டிலுள்ள மற்றோர் ஆண்மகன் செல்ல வேண்டும். எந்தத் துறையின் அதிகாரி வந்தாலும் ஏவலாம். இதற்கு ஈடாகச் சிறு துண்டு நிலமும், ஊராரிடம் கேட்டுப் பெறும் தானியமும்தான். அரசு தன் ஊழியனுக்குத் தரவேண்டிய சம்பளத்தை ஊரார் களத்தில் இரந்து பெறச் செய்தது.

1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில், 1874-ஆம் ஆண்டின் பரம்பரைப் பதவிகள் சட்டத்தைத் திருத்த அண்ணல் மசோதாக் கொண்டு வந்தார். வேலைக்கேற்ற கூலியை அரசு உறுதி செய்ய வேண்டும். விரும்புவோர் இவ்வூழியத்திலிருந்து விடுபட்டு நிலத்தை முழு உரிமையுடன் பெற வழி வேண்டும் என்பது அதன் நோக்கம். எதிர்ப்பு மிகுந்தமையால் அது நிறைவேறவில்லை. 1937-இல் மீண்டும் முயன்றார். அவர் மறைந்தபின், 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தினால்தான் அத்தளை அறுந்தது.

இதனை எழுதுகையில் என் பாட்டனாரின் நினைவு வருகிறது. நம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் தலையாரி, வெட்டியான், தோட்டி என்ற ஊழியங்கள் இருந்தமையைப் பெரியோர் அறிவர். என் பாட்டனார் வெட்டியான். ஜமாபந்தி வரும்போதெல்லாம் கணக்குப்பிள்ளையின் கணக்குக் கட்டுகளைத் தலையில் சுமந்து தாலுகாக் கச்சேரிக்குச் செல்வார். ஊர் நிலம் முழுவதும் அந்தக் கட்டுகளில் எழுதப்பட்டிருந்தது. அதில் அவருடைய பெயரில் ஒரு சென்ட் நிலமும் இல்லை. ஆயுள் முழுவதும் சுமந்த அந்தக் கட்டில் ஓர் எழுத்தையேனும் படிக்க அவருக்குத் தெரியாது. அவர் பேரனாகிய நான் பி.ஏ., பி.எட். பயின்று, அரசுப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடுகின்றேன். இரண்டுக்கும் இடையே நின்று பாலம் கட்டியவர் அண்ணல் ஆவார்.

அவர் உருவாக்கிய அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவு, அரசுப் பணியில் பிறப்பையும் மரபையும் காட்டி வேற்றுமை செய்தலைத் தடுக்கிறது. இப்பிரிவைக் கொண்டே 1960-இல் உச்ச நீதிமன்றம், ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வழக்கில், கிராம அதிகாரிப் பதவியைப் பரம்பரை உரிமையாக வழங்குதல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 1980-இல் கர்ணம், மணியம் முதலிய பழைய பதவிகள் ஒழிக்கப்பட்டு, தேர்வெழுதி வரும் கிராம நிருவாக அலுவலர் முறை ஏற்பட்டது. மேல்படியும் கீழ்ப்படியும் பிறப்பினால் தீர்மானிக்கப்பட்ட காலம் சட்டத்தின் ஏட்டிலிருந்து நீங்கியது.

எண்ணால் எழுதப்பட்ட உரிமை

1930-இல் தொடங்கிய வட்டமேசை மாநாட்டில், நம் தமிழகத்தின் இரட்டைமலை சீனிவாசனாரும் அண்ணலும் இணைந்து ஒடுக்கப்பட்டோரின் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அளித்தனர். சட்டமன்றத்தில் இடம் கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. அரசுப் பணிகளில் போதிய இடம், பணியமர்த்தலைக் கண்காணிக்கத் தேர்வாணையம், நலன்களைக் கவனிக்கத் தனித்துறை ஆகியவற்றையும் கேட்டனர். 1932-இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்திலும், கல்வித் தகுதிக்கு உட்பட்டு அரசுப் பணிகளில் நியாயமான இடம் அளிக்க முயற்சி செய்யப்படும் என்ற வாசகம் இடம்பெற்றது.

ஆனால் முயற்சி என்ற சொல்லை அலுவலகம் எவ்வாறு புரிந்துகொள்ளும்? 1934-இல் மைய அரசு பிறப்பித்த ஆணை இதற்கு விடை தந்தது. அவ்வாணை முஸ்லிம்களுக்கு 25 விழுக்காடும், ஏனைய சிறுபான்மையோருக்கு 8.33 விழுக்காடும் என எண்ணிட்டு ஒதுக்கியது. ஒடுக்கப்பட்டோருக்கு மட்டும் எண் இல்லை. நல்லெண்ணச் சொற்களே இருந்தன. நம் சென்னை மாகாணத்தில் 1928 முதல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணையிலோ, 12 இடங்களில் ஓரிடம் ஒடுக்கப்பட்டோருக்கு என்று எண்ணிட்டே எழுதப்பட்டிருந்தது.

1942 சூலையில் அண்ணல், வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அவ்வாண்டு அக்டோபரிலேயே, பட்டியல் இனத்தாரின் குறைகளை விளக்கி வைசிராய்க்கு விரிவான மனு அளித்தார். அதன் பயனாக 1943 ஆகத்தில் மைய அரசுப் பணிகளில் 8.33 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. வயது வரம்பு தளர்த்தப்பட்டது. தேர்வுக் கட்டணம் குறைக்கப்பட்டது. 1946-இல் மக்கள்தொகையை ஒட்டி அது 12.5 விழுக்காடாக உயர்ந்தது. 1970 முதல் பட்டியல் இனத்தாருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 என்று மைய அரசில் வழங்கி வருகிறது. 1944-இல் தொடங்கிய மெட்ரிகுலேசனுக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையும் அம்முயற்சியின் தொடர்ச்சியே. இவ்விதழைப் படிக்கும் இளைஞருள் அத்தொகையைப் பெறாத குடும்பத்தார் சிலரே இருப்பர்.

இதில் நாம் கற்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அலுவலகம் அன்பினால் இயங்குவதில்லை. எண்ணினாலும் ஏட்டினாலும் இயங்குகிறது. நல்லெண்ணம் என்று எழுதினால் கோப்பு உறங்கும். நூற்றுக்கு இத்தனை என்று எழுதி, அதற்கு இனச்சுழற்சிப் பதிவேடு வைத்து, அதனை ஆண்டுதோறும் தணிக்கை செய்தால் கோப்பு நகரும். இதனை அறிந்தே அண்ணல் எண்ணைக் கேட்டார்.

அவர் பொறுப்பில் இருந்த நான்காண்டுகளில் தொழிலாளர், முதலாளி, அரசு ஆகிய முத்தரப்பும் கூடிப் பேசும் மாநாட்டு முறை வேரூன்றியது. வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தோன்றின. நீர்வழிகள், பாசனம், மின்சாரம் ஆகியவற்றுக்கு மைய அமைப்புகள் உருவாயின. இவையும் அலுவலகப் பெருக்கமே. ஆனால் ஓர் அலுவலகம் ஏன் பிறந்தது, அதனால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு விடை இருந்தால் அது வளர்ச்சி. விடை இல்லாமல் ஆட்களும் அறைகளும் மட்டும் கூடினால் அது வீக்கம். கும்பினிக் காலக் கணக்கை ஆராய்ந்த அண்ணலுக்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கியிருந்தது.

அரசியலமைப்பில் அமைத்த கடிவாளங்கள்

1947 ஆகத்தில் சட்ட அமைச்சராகவும், அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராகவும் ஆனார். நம் அரசியலமைப்பு அளவில் மிகப் பெரியது. அலுவலக நடைமுறைகளையெல்லாம் அதில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் குறை கூறினர். 1948 நவம்பரில் அண்ணல் அதற்கு விடை தந்தார். அரசியலமைப்பில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், நிருவாக முறையை மட்டும் மாற்றி அதன் உயிரைப் போக்கிவிட முடியும். மக்களாட்சிப் பண்பு மண்ணில் ஆழ வேரூன்றாத நாட்டில் அதனைத் தற்செயலுக்கு விட்டுவிடலாகாது என்பது அவ்விடையின் கருத்து. பரோடாவையும் மகாட்டையும் கண்டவரன்றி வேறு யார் இதனை இவ்வளவு தெளிவாக உணர முடியும்?

ஆகவே ஆட்சி எந்திரத்துக்குப் பல கடிவாளங்கள் அமைக்கப்பட்டன. ஆள் எடுப்பதை அமைச்சரின் விருப்பத்துக்கு விடாமல், 315 முதல் 323 வரையுள்ள பிரிவுகள் தேர்வாணையங்களிடம் ஒப்படைத்தன. நேர்மையான ஊழியரை ஆளுங்கட்சி பழிவாங்காதிருக்க, விசாரணையின்றிப் பதவி நீக்கம் செய்தலை 311-ஆம் பிரிவு தடுத்தது. சட்டமன்றத்தின் ஒப்புதலின்றிக் கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுத்தலாகாது என்று விதிக்கப்பட்டது. ஒப்புதல் பெற்ற காசும் உரிய வழியில் செலவாயிற்றா என்று பார்க்க, 148-ஆம் பிரிவு தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை அமைத்தது. அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையாலன்றி நீக்க இயலாது. நீதித்துறையின் பணியைவிடவும் இவர் பணி முதன்மையானது என்பது அண்ணலின் கருத்து. இவருக்கு இன்னும் கூடுதலான தன்னுரிமை வாய்க்கவில்லையே என்றும் அவர் வருந்தினார். கணக்காயர் அலுவலகத்தில் கோப்பை எறிந்து அவமதிக்கப்பட்டவர், கணக்காயர் பதவிக்கே நாட்டின் உயர்ந்த இருக்கைகளுள் ஒன்றை அளித்தார்.

எல்லாவற்றிற்கும் மேலாக 16-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு உள்ளது. அனைவருக்கும் சம வாய்ப்பு என்னும் கொள்கையையும், நெடுங்காலம் நிருவாகத்தை ஒரு சில வகுப்பாரே கைக்கொண்டிருந்த வரலாற்றையும் சீர்தூக்கி, விலக்கி வைக்கப்பட்டவர்களுக்கும் நுழைவாயில் அமைத்தார். 335-ஆம் பிரிவு பணிகளில் பட்டியல் இனத்தாரின் உரிமையைக் கருதச் சொல்கிறது. நிருவாகத் திறமையையும் பேணச் சொல்கிறது. தகுதியும் நீதியும் பகைகள் அல்ல என்பதே இதன் பொருள்.

இறுதி நாட்களின் வருத்தம்

1951-இல் அண்ணல் அமைச்சர் பதவியைத் துறந்தார். இந்துச் சட்டத் தொகுப்பு நிறைவேறாமையும், பட்டியல் இனத்தார்பால் அரசு காட்டிய பாராமுகமும் காரணங்களுள் அடங்கும். சட்டத்தை எழுதிய கைக்கே, அதனை நடத்தும் கைகளின் மெத்தனம் மனச்சோர்வைத் தந்தது.

1956 மார்ச்சு மாதம் ஆக்ராவில் பேசுகையில் அவர் வெளியிட்ட வருத்தம் நம் அனைவருக்கும் உரியது. படித்து வேலை பெற்றவர்கள் தம் மக்களைத் தூக்கி நிறுத்துவர் என்று நம்பியிருந்தார். அவர்களிற் பலர் தம் வயிற்றையும் தம் வீட்டையும் நிரப்புவதிலேயே காலம் கழித்தது கண்டு அவர் மனம் நொந்தார். அவ்வாண்டு அக்டோபர் 14-இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6-ஆம் நாள் தில்லியில் மறைந்தார்.

நமக்குரிய கடமை

இளைஞர்களே! அண்ணல் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, மறு ஆண்டிலேயே பம்பாயில் சித்தார்த்தக் கல்லூரியை நிறுவினார். மைய அரசின் உயர்ந்த இருக்கையில் இருந்த நாளிலேயே அவர் பள்ளியையும் கல்லூரியையும் எண்ணினார் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. ஒதுக்கீடு கதவைத் திறக்கும். உள்ளே நடந்து செல்லக் கால்களைத் தருவது கல்வியே. நம் கழகம் 25 ஆண்டுகளாகச் செய்து வருவதும் அப்பணியின் சிறு கிளைதான்.

நீவிர் தேர்வெழுதி அலுவலகங்களில் அமர வேண்டும். எழுத்தராக மட்டும் அன்று. முடிவெடுக்கும் நாற்காலிகளிலும் அமர வேண்டும். அமராதவர்களும் அலுவலகத்தின் நடைமுறையை அறிந்திருத்தல் வேண்டும். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். ஆணையின் எண்ணையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுமொழி வராவிட்டால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேளுங்கள். கெஞ்சிக் கேட்பதைக் காட்டிலும் விதியைச் சுட்டிக் கேட்பது பயன் தரும், மானமும் கெடாது.

உள்ளே அமர்ந்தவர்களுக்கும் ஒரு சொல். உம் மேசைக்கு முன் ஒரு முதியவர் வந்து நிற்பார். அவருக்கு எழுதத் தெரியாது. எந்தப் படிவம் என்று புரியாது. தயங்கித் தயங்கிப் பேசுவார். அவர் எந்தச் சாதியினராயினும் ஆகுக. சாத்தாராப் பள்ளியில் தண்ணீர்க் குழாயின் அருகே ஏவலாளின் வரவை நோக்கி நின்ற அந்தச் சிறுவனை அவரிடத்தில் காணுங்கள். குழாயைத் திறக்கும் கை இன்று உம்முடையது.

அண்ணலின் படத்துக்கு மாலை சூட்டுவது எளிது. அவர் வரைந்த ஆட்சி எந்திரத்தை அவர் எண்ணிய திசையில் இயக்குவது அரிது. அரியதைச் செய்வோமாக.